ஓட்டக்காரிகள் நிற்கிற வீடு

அம்முலுவுக்கு முப்பத்தாறு வயதில் சர்க்கரை வந்தது. உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். விடிந்ததிலிருந்து படுக்கிறவரை மாட்டுக்கொட்டகைக்கும் குழாயடிக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டுதானே இருக்கிறேன், அதெல்லாம் சேராதா என்று அவரைக் கேட்டாள். சேராது என்றார். வரிசையில் பின்னால் நின்ற உம்முல் குல்சும் சிரித்துவிட்டாள். பஜார் தெருவில் வளையல் கடை வைத்திருந்த சனாவுல்லா பாயின் மனைவி. அவளுக்கும் சர்க்கரை, அவளுக்கும் அதே உத்தரவு.

மறுநாளே இரண்டு பேரும் ஏரிக்கரையில் நடந்தார்கள். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் அது. பொம்பளை ஒருத்தி ரோட்டில் நடந்தால் எங்கே போகிறாள் என்று நாலு பேர் கேட்பார்கள். எங்கேயும் போகவில்லை, சும்மா போய்த் திரும்பி வருகிறேன் என்றால் எட்டுப் பேர் சிரிப்பார்கள். சிரித்தார்கள்.

நடை ஓட்டமானது ஒரு நாயால்தான். சாலவாக்கம் ரோட்டுக் கறிக்கடை நாய் ஒருநாள் துரத்த, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு பேரும் ஓடினார்கள். நாய் சலித்துப்போய் நின்றுவிட்டது. இவர்கள் நிற்கவில்லை. வயதுக்கு வந்தபிறகு அம்முலு ஓடியதே இல்லை. மூச்சு வாங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அடுத்த நாள் நாய் இல்லாமலே ஓடினார்கள். ஒரு வருஷத்தில் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லாரும் சர்க்கரை, பிரஷர், முட்டிவலி கேஸ்கள். அம்முலுவின் கால்களில் ரைஸ்மில்லில் வேலை செய்த அவள் புருஷன் தாமோதரனின் பழைய கேன்வாஸ் ஷூ, முன்னால் துணி அடைத்து.

டீக்கடையில் எவனாவது கிண்டல் செய்தால் அம்முலு ஓடிக்கொண்டே பதில் சொல்வாள். "எந்த ஊரு கப்பு அம்முலு?" என்று ஒருத்தன் கேட்டதற்கு, "உன் தொந்திய கயட்டி வெச்சிட்டு வா, நீயும் வாங்கலாம்" என்றாள். அவள் வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும். மனசில் ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசத் தெரியாதவள் என்று பெயர். பெருநகர் கிராமத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த மூன்றாம் நாளே, ரசத்தில் உப்பில்லை என்று மாமியாரிடம் சொன்னவள்.

ஆனாலும் தன் உடம்புக்கென்று மட்டும் வீட்டைவிட்டுப் போய்வருவது அந்த ஏழு பேருக்கும் உறுத்தியது. வெறுங்கையோடு வெளியே போய்ப் பழக்கமில்லாதவர்கள். அதனால் திரும்பி வரும்போது மதகு வாயில் அடைத்துக்கிடக்கும் பிளாஸ்டிக் கவர்களைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். ஊர் வேலை என்றதும் வீடுகளில் முணுமுணுப்பு குறைந்தது. அதைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் டிபி நோயாளிகளைக் கவனிக்கிற சிஸ்டர் ஒருநாள் அம்முலுவைக் கூப்பிட்டார்.

டிபி மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் திங்கள், புதன், வெள்ளி, யாராவது எதிரே நின்று முழுங்க வைக்கவேண்டும். கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பேர் பாதியில் விட்டுவிடுவார்கள், விட்டால் அப்புறம் எந்த மருந்தும் கேட்காது. கூலிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றால் அன்றைய வேலை போய்விடும். நீங்கள் எப்படியும் அந்தப் பக்கம் ஓடுகிறீர்களே, போகிற வழியில் நின்று கொடுத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார். அம்முலு யோசிக்கவே இல்லை. ஆளுக்கொரு மருந்துப் பெட்டி, மேலே பெயர். ஆளுக்கொரு அட்டை, முழுங்கியதைப் பார்த்து அம்முலு டிக் போடவேண்டும்.

முதல் ஆள் வேதகிரி. செங்கல் சூளையில் வேலை செய்தவன், பாயோடு பாயாகக் கிடந்தான். ஆறாவது மாதம் சூளைக்கே திரும்பிப் போனான். அதன்பிறகு இன்னும் மூன்று பேர் தேறினார்கள். ஏழு பொம்பளைகளும் ஒரு வாசலில் நின்று, முழுங்கியாச்சா என்று கேட்டு, அடுத்த வாசலுக்கு ஓடுவார்கள். பிள்ளை பெற்றதைத் தவிர வேறு எதையும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாத அம்முலுவுக்கு, இதைச் சொல்லிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டாயிரத்து மூன்று ஐப்பசியில் எதிர்வீட்டுச் செல்லம்மாள் இரும ஆரம்பித்தாள். ஏரிப்பாசனத்தில் இரண்டு ஏக்கர் பயிர் வைத்த வரதனின் மனைவி. அம்முலுவுக்கு இரண்டு பிரசவத்திலும் பத்தியச் சோறு போட்டவள். மூன்று வாரம் ஆகியும் இருமல் நிற்கவில்லை. அம்முலு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சளி டெஸ்ட் எடுக்க வைத்தாள். டிபி என்று வந்தது.

செல்லம்மாள் அழவில்லை. மருந்துப் பெட்டியை அம்முலு கொண்டுவந்த அன்று, உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"உன் ஓட்டக்காரிங்கள என் வூட்டு வாசல்ல நிறுத்தாத" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"நீங்க நின்னா அது டிபி வூடு. ஊர்ல அப்டித்தான் சொல்லிக்கினு கீறாங்க. வேதகிரிக்கு டீக்கடையில தனி கிளாஸு, தெரியுமா உனுக்கு? ஒடம்பு தேறி வருசம் தாண்டிப்போச்சி, இன்னும் தனி கிளாஸுதான்."

அம்முலுவுக்குத் தெரியாது. டீக்கடையில் நின்று டீ குடிக்கிற வழக்கம் அவளுக்கு ஏது. ஏழு பேர் கலகலவென்று வந்து நின்றது மருந்து கொடுத்ததோடு சேர்த்துத் தண்டோராவும் போட்டிருக்கிறது. அதைப் பெருமையாக வேறு செய்திருக்கிறார்கள்.

"கீதாவுக்கு மாகறல்லர்ந்து எடம் வந்து கீது" என்றாள் செல்லம்மாள். "அம்மாக்காரிக்கு டிபின்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? நான் செத்தாலும் பரவால்ல அம்முலு, எம்பொண்ணு நிக்கக்கூடாது."

கீதா அவளுக்கு ஒரே பெண். இருபத்திரண்டு வயது. வந்த இரண்டு சம்பந்தம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது.

அம்முலு ஒரு வழி கண்டுபிடித்தாள். எல்லா வீட்டிலும் நின்றால் எது டிபி வீடு என்று யாருக்குத் தெரியும்? அடுத்த திங்கள்கிழமை தெருவில் பதினோரு வீட்டில் நின்று, வேண்டும் என்றே தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். ஏழாவது வீட்டில் குல்சும் இனிமேல் தன்னால் ஓட முடியாது, உருட்டிக்கொண்டு போங்கள் என்றாள். புதன்கிழமை நாலு வீடு கதவைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை எல்லார் வீட்டு ஆம்பளைகளும் தாமோதரனைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் உன் பொண்டாட்டி நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், எங்கள் வீட்டிலும் வயசுப் பெண்கள் இருக்கிறார்கள் என்று சண்டை. தாமோதரன் வீட்டுக்கு வந்து ஷூவைத் தூக்கிக் கூரைமேல் எறிந்தான். அம்முலு ஏணி போட்டு எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் குல்சும்தான் சொன்னாள். "அவ வூட்டாண்ட நாம நிக்கறதுதான பேஜாரு? அவள நம்மகூட ஓட விடு. டிபிக்காரி ஓடுவான்னு எவன் நெனப்பான்?"

அப்படித்தான் செல்லம்மாள் எட்டாவது ஆளாக வந்தாள். சர்க்கரை என்று தெருவில் சொல்லிக்கொண்டாள். ஓட்டம் என்று பெயர்தான், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மெல்ல நடந்தாள். இவள் போகிற வேகத்துக்கு ஏரிதான் நம்மைத் தாண்டிப் போகிறது என்பாள் குல்சும். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் கல்மேல் உட்காரவைத்து, அம்முலு இடுப்பில் முடிந்துவந்த ஏழு மாத்திரைகளையும் ஒவ்வொன்றாக நீட்டுவாள். மற்றவர்கள் ரோட்டுப்பக்கம் மறைத்து நிற்பார்கள். சிறுநீர் ரத்தம் மாதிரிப் போகிறது, சாகப்போகிறேன் என்று செல்லம்மாள் முதல் வாரம் நடுங்கினாள். அது மாத்திரைச் சாயம், ஆறு மாசத்துக்கு மருதாணி வைத்த மாதிரி நினைத்துக்கொள் என்றாள் அம்முலு. செல்லம்மாள் அன்றைக்குத்தான் முதலில் சிரித்தாள்.

மார்கழி முடிவதற்குள் இருமல் நின்றது. மூன்று கிலோ ஏறினாள். நிஜமாகவே கொஞ்சம் ஓடினாள். சளி டெஸ்ட்டில் கிருமி இல்லை என்று வந்தது. இன்னும் நாலு மாதம் மருந்து பாக்கி இருக்கிறது, இதில்தான் எல்லாரும் ஏமாறுவார்கள் என்று சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த நாலு மாதமும் ஒரு வாரத்து மாத்திரையை மொத்தமாகக் கொடுப்பார்கள். முதல் தடவை மட்டும் எதிரில் முழுங்கிவிட்டு, மற்றதை வீட்டில் முழுங்கி, மாத்திரை இருந்த காலி அட்டையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

தை பிறந்ததும் மாகறல் சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளை கலைச்செல்வன் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். மாசியில் கல்யாணம். தாம்பூலம் மாற்றிய அன்றே மாப்பிள்ளையின் அம்மா, சம்பந்தியம்மா ரோட்டில் ஓடுகிறார்களாமே என்று கேட்டாள். மறுநாளிலிருந்து செல்லம்மாள் வரவில்லை. முதல் மாத்திரையையும் வீட்டிலேயே முழுங்கிக்கொள்கிறேன் என்றாள். அம்முலு ஒத்துக்கொண்டாள். வாரா வாரம் காலி அட்டை தவறாமல் வந்தது.

கல்யாணத்துக்குப் பதினாலு நாள் இருக்கும்போது மாவு இடிக்க ஒத்தாசைக்குப் போனாள் அம்முலு. கழுநீரைக் கொட்டப் பின்கட்டுக்குப் போனவள், எருக்குழி ஓரம் கோழி ஒன்று எதையோ கொத்திக் கொத்திப் போடுவதைப் பார்த்தாள். செங்கல் நிற மாத்திரை. குச்சியால் கிளறினாள். சாணிக்கு அடியில் இன்னும் கிடந்தது. சில நசுங்கி, சில ஊறி, சில புதுசாக.

செல்லம்மாளைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து குழியைக் காட்டினாள்.

"எத்தினி நாளா?"

"கத்தாத. உள்ள ஆளு கீறாங்க."

"எத்தினி நாளான்னு கேக்கறேன்."

"தை பொறந்ததுலர்ந்து." செல்லம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "முழுங்குனா கொமட்டுது அம்முலு. மாப்ள வூட்டு அத்தக்காரி வந்து போயினு கீறா. அன்னிக்கி வாந்தி எடுத்தேன், இந்த வயசுல முழுவாம கீறியான்னு கேட்டு சிரிச்சா. அடுத்த தபா சிரிக்கமாட்டா, யோசிப்பா. எனுக்குதான் இருமல் இல்லியே, நல்லாதான கீறேன்."

"நல்லா கீறவங்கதான் செத்துப்போறாங்க. சிஸ்டர்கிட்ட சொல்றேன் நானு."

"சிஸ்டர் வூட்டுக்கு வந்து நிப்பாங்க. அப்பறம் கீதாவ நீயே கட்டிக்குவியா?" செல்லம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "பதினாலு நாளு. அவ கழுத்துல தாலி ஏறட்டும். அப்பறம் நீ என் வாயில கொட்டு, முழுங்குறேன்."

உள்ளே கீதா யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு கேட்காமல் இருந்திருந்தால் ஒருவேளை அம்முலு கத்தியிருப்பாள். உப்பில்லை என்றால் உப்பில்லை என்று சொல்லியே வாழ்ந்தவள், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு மாவு இடிக்கப் போனாள். அந்த வாரம் சிஸ்டரிடம் காலி அட்டையைக் கொடுத்துவிட்டு, நோயாளி அட்டையில் தன் கையாலேயே டிக் போட்டாள். அடுத்த வாரமும் போட்டாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அரக்குச் சேலையில் செல்லம்மாள் மாப்பிள்ளையைவிட ஜோராக இருந்தாள். மறுவீட்டு விருந்து முடியட்டும் என்றாள். பிறகு, தாலி பெருக்கிப் போடுகிறவரை சம்பந்தி வீட்டார் வந்து போவார்கள் என்றாள். அம்முலு விடியற்காலையில் மாத்திரையோடு போய் நிற்பாள். சில நாள் முழுங்கினாள், சில நாள் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. ஒரு தடவை அம்முலு கதவை உதைத்தாள். தெரு எட்டிப் பார்த்தது. தானே பின்வாங்கி வந்துவிட்டாள்.

வைகாசியில் செல்லம்மாள் நாற்றங்காலில் குனிந்தபோது இருமினாள். சேற்றுத் தண்ணீரில் ரத்தம் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் அட்டையைப் பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. ஒழுங்காக முழுங்கியும் ஏன் திரும்ப வந்தது என்று புரியாமல் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"முழுங்கல சிஸ்டர்" என்றாள் அம்முலு. "குழியில போட்டா. எனுக்குத் தெரியும். நான்தான் பொய்யா டிக் போட்டேன்."

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அட்டையை மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, டாக்டரைப் பார்க்கப் போனார். ஊசியும் மாத்திரையுமாக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கேட்கவில்லை. செல்லம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்து ஆடி கடைசியில் செத்துப்போனாள். தூக்கி வந்தபோது பத்து வயதுப் பிள்ளை கனம்தான் இருந்தாள். நெஞ்சுவலி என்று மாகறலுக்குச் சொல்லச் சொன்னார் வரதன்.

அதோடு முடிந்திருந்தால் அம்முலு வாயை மூடியபடியே இருந்திருப்பாளோ என்னவோ. காரியத்துக்கு வந்த கீதா இருமினாள். ஒரு தடவை இல்லை, அன்று பூரா இருமினாள். மருந்து கேட்காத டிபி அம்மாவிடம் இருந்தால் வீட்டில் பழகியவர்களுக்கும் அதுவே தொற்றும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அம்முலு கீதாவைத் தனியாகக் கூப்பிட்டு, டெஸ்ட் எடுத்துவிட்டுப் போ என்று கெஞ்சினாள். வெறும் சளிதான் சின்னம்மா, அந்த ஆஸ்பத்திரி வாசலில் என்னை யாராவது பார்த்தால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, அவள் மாமியாரோடு பஸ் ஏறிவிட்டாள். வரதன் அம்முலுவின் காலில் விழப்போனார். போனவள் போய்விட்டாள், இருக்கிறவளாவது வாழட்டும் என்றார். இருப்பாளா என்பதுதான் எனக்குச் சந்தேகம் என்றாள் அம்முலு.

பத்து நாள் பொறுத்தாள். வரதனை இரண்டு தடவை மாகறலுக்கு அனுப்பிப் பார்த்தாள். பெண்ணுக்கு இருமல் நிற்கவில்லை, ஆனால் வரமாட்டேன் என்கிறாள் என்று திரும்பி வந்தார். பதினோராம் நாள் குல்சுமைக் கூட்டிக்கொண்டு தானே பஸ் ஏறினாள்.

கீதாவின் மாமியார் காப்பி போடச் சொன்னாள். அம்முலு உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"கீதா அம்மாவுக்கு டிபி. அதுலதான் செத்தா. இவளுக்கு டெஸ்ட் எடுக்கணும். ஒங்க எல்லாருக்குங்கூட எடுக்கணும். நான் இத்த கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல."

உள்ளே டம்ளர் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மாமியார் கீதாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மூத்த மருமகளின் குழந்தையைத் தரையிலிருந்து அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கால் மணி நேரத்தில் கீதாவின் பெட்டி வாசலுக்கு வந்தது. கலைச்செல்வன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும்வரை இருக்கிறேன் என்று கீதா கேட்டாள். அவன் வந்தால் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம் என்றார்கள்.

பஸ்ஸில் கீதா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அம்முலு பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் சளி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். கீதாவுக்கு ஒன்றும் இல்லை. சாதாரணச் சளி. தூசி ஒத்துக்கொள்ளாத இருமல்.

ரிசல்ட் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கீதா சொன்னாள்: "சொல்லவேண்டிய நேரத்துல சொல்லியிருந்தா எங்கம்மா இருந்திருக்கும். சொல்லாம வுட்டிருந்தா நானாவது என் வூட்ல இருந்திருப்பேன். ரெண்டையும் தப்பா பண்ணீங்க சின்னம்மா."

காகிதத்தை மடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

ஓட்டக்காரிகளில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். மிச்சம் மூன்று பேர். சிஸ்டர் இரண்டு மாதம் மருந்துப் பெட்டி எதையும் கொடுக்கவில்லை. பிறகு ஒன்று கொடுத்தார், வேறு ஆள் இல்லை என்று சொல்லிக் கொடுத்தார். இப்போது மூன்று பேரும் சேர்ந்து போய் நிற்பதில்லை. நோயாளி வேலைக்குப் போகிற வழியில் அம்முலு தனியாகப் பார்த்து, மாத்திரை தொண்டையில் இறங்கியபிறகும் கால் மணி நேரம் கூடவே நடக்கிறாள். அட்டையை முந்தானைக்குள் வைத்திருக்கிறாள். பார்க்காமல் பேனாவைத் திறப்பதில்லை.

தீபாவளி தாண்டிக் கலைச்செல்வன் வந்தான். நல்ல பையன்தான், ஆனால் அம்மாவைத் தாண்டி நிற்கிற பையன் இல்லை. கீதா வரலாம், மூத்தவர் குழந்தையைத் தூக்கக்கூடாது, சமையல்கட்டுக்குள் ஒரு வருஷம் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் காட்டினாயா என்று அம்முலு கேட்டாள். காட்டினேன், அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்றான். கீதா பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் அம்முலுவும் குல்சுமும் தள்ளி நின்றார்கள். மாகறல் பஸ் புறப்பட்டது. கீதா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நல்லா போறா" என்றாள் அம்முலு. "உசுரோட போறா. அது போதும்."

"ஒனக்குப் போதும்" என்றாள் குல்சும்.

அம்முலு அவளை ஒரு பார்வை பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று குல்சும் காத்திருந்தாள். அம்முலு ரோட்டைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தாள்.